தாளும் காம்பஸும் போதும்: கன அயனி மோதலில் தெறிக்கும் இலேசான துகள்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி

எம்.எஸ்சி. புராஜெக்ட் தொடங்கும் மாதம் வந்தால், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்துவிடுவார்கள். கையில் லேப்டாப் இருக்கும். அதில், மோதலில் எந்தத் துகள் எவ்வளவு வரும் என்று கணக்கிடும் பேஸ் புரோகிராம் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும். "சார், அவுட்புட் வந்திருச்சு. இதுக்கு என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லுங்க."

லேப்டாப்பை மூடச் சொல்வேன். கோடு போடாத தாள் ஒன்று, கால்குலேட்டர், பத்தாம் வகுப்பில் வாங்கிய ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ், இவ்வளவுதான் முதல் நாளுக்கு வேண்டும். காம்பஸ் எதற்கு என்று முழிப்பார்கள். அதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி. அங்கே வருவதற்குள் நாலைந்து எண்களைச் சம்பாதிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன விலகல். இந்த ஊரில் அணுக்கரு என்று வாயைத் திறந்தாலே, "தேனிப் பக்கம் மலையைக் குடையப் போறாங்கன்னு சொன்னாங்களே, அதுவா?" என்று கேட்பார்கள். அது இல்லை. பொட்டிபுரத்தில் திட்டமிட்ட ஆய்வகம் வானத்திலிருந்து வரும் நியூட்ரினோவைப் பிடிப்பதற்கு. நாம் பேசப்போவது முடுக்கியில் வேகமேற்றிய ஓர் அணுக்கருவை இன்னொன்றின் மீது மோதவிட்டு, அதிலிருந்து வெளியே தெறிக்கும் புரோட்டான், நியூட்ரான், ஆல்ஃபா போன்ற சின்னத் துகள்களை எண்ணும் வேலை. மலை வேண்டாம். பெரிய ஒரு கட்டடமும் நிறைய வெற்றிடமும் வேண்டும்.

என்ன நடக்கிறது?

ஆல்ஃபாவைவிட எடை கூடிய அயனியைக் கன அயனி என்கிறோம். கார்பன், ஆக்சிஜன், சிலிக்கன் எல்லாம் இதில் சேரும். அது இலக்கு அணுக்கருவோடு முழுதாக இணைந்தால் சூடான ஒரே அணுக்கரு உருவாகும். இதைக் கூட்டு அணுக்கரு என்று 1936-இல் நீல்ஸ் போர் விளக்கினார். வந்த ஆற்றல் எல்லா நியூக்ளியான்களுக்கும் பங்காகிவிடும், யார் கொண்டுவந்தது என்பது மறந்துபோகும் என்பது அவர் கருத்து. மறுவருடமே வைஸ்கோப் இதற்குக் கணக்கு எழுதினார்: கொதிக்கும் பானையிலிருந்து ஆவி போவதைப் போல, துகள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். 1950-இல் எஸ்.என். கோஷல் செம்பு-63 மீது புரோட்டானையும், நிக்கல்-60 மீது ஆல்ஃபாவையும் செலுத்திப் பார்த்தார். இரண்டு வழியிலும் வருவது ஒரே துத்தநாகம்-64. சிதையும் விகிதங்களும் ஒத்துப்போயின. பானைக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை.

ஆனால் எல்லாத் துகளும் பானையிலிருந்து வருவதில்லை. சில துகள்கள் சூடு பரவும் முன்பே தப்பித்துவிடும். சில, மோதிய கார்பனே உடைந்து சிதறியவை. டிடெக்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆல்ஃபா வந்தது, இத்தனை ஆற்றல், அவ்வளவுதான் அது சொல்லும். இந்த ஆல்ஃபாவை அனுப்பியது யார் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை முழுக்க. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

படி ஒன்று: ஒரு மோதலைத் தேர்ந்தெடுங்கள்

கார்பன்-12 கற்றை, அலுமினியம்-27 இலக்கு. நான் எல்லாருக்கும் இதையே தருகிறேன். அலுமினியத்துக்கு இயற்கையில் நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்றுதான், அதனால் இலக்கில் கலப்படக் குழப்பம் குறைவு. கார்பன் கற்றை எளிதில் கிடைக்கும்.

எளிதில் கிடைக்கும் என்றால் என்ன? டெல்லியில் இருக்கும் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் பெலட்ரான் ஒரு டாண்டம் முடுக்கி. எதிர்மின் அயனியை உள்ளே விடுவார்கள். நடுவில் இருக்கும் நேர்மின் முனை அதை இழுக்கும். அங்கே மெல்லிய ஒரு தாள் எலக்ட்ரான்களை உரித்துவிடும். இப்போது அது நேர்மின் அயனி, அதே முனை அதை வெளியே தள்ளும். ஒரே வோல்ட்டேஜ், இரண்டு முறை லாபம். முனையில் 10 மில்லியன் வோல்ட், உரித்தபின் கார்பனின் மின்னூட்டம் 5 என்றால் கிடைக்கும் ஆற்றல் (1 + 5) × 10 = 60 மெகா எலக்ட்ரான் வோல்ட். இனி இதை எம்இவி என்றே எழுதுகிறேன். நியான் கற்றை கேட்டால் கிடைக்காது. நியான் எதிர்மின் அயனி ஆகாது, உள்ளே நுழையவே வழியில்லை. எந்தக் கற்றை கிடைக்கும் என்று கேட்காமல் புராஜெக்ட் எழுதி, பிறகு தலையில் கைவைத்தவர்கள் உண்டு.

ஆக, 60 எம்இவி கார்பன்-12, அலுமினியம்-27 மீது. இணைந்தால் பொட்டாசியம்-39.

படி இரண்டு: எவ்வளவு சூடு?

60 எம்இவி முழுவதும் சூடாக்கப் பயன்படாது. மோதியபின் மொத்தமும் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்குமே, அந்த நகர்வுக்கு ஒரு பங்கு போய்விடும். மிச்சம் நிறை மைய ஆற்றல்: 60 × 27 ÷ 39 = 41.5 எம்இவி.

அடுத்து, இணைவதால் கிடைக்கும் ஆற்றல். அணு நிறை அட்டவணையில் நிறை மிகை என்று ஒரு பத்தி இருக்கும் (அணுவின் நிறை அதன் நிறை எண்ணைவிட எவ்வளவு கூட அல்லது குறைய என்பது, எம்இவியில்). கார்பன்-12-க்கு 0 (அளவுகோலே அதுதான்), அலுமினியம்-27-க்கு −17.2, பொட்டாசியம்-39-க்கு −33.8. கழித்தால் 16.6 எம்இவி லாபம். கூட்டினால் 58 எம்இவி. இதுதான் பொட்டாசியம்-39-இன் கிளர்வு ஆற்றல்.

மோதல் நடக்குமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இரண்டும் நேர்மின், ஒன்றையொன்று தள்ளும். தாண்டவேண்டிய இந்தத் தள்ளலைத்தான் கூலும் தடை என்பார்கள். அதை 1.44 × 6 × 13 ÷ ஆரம் என்று போடலாம். ஆரத்துக்கு 1.4 × (12-இன் கனமூலம் + 27-இன் கனமூலம்) = 7.4 ஃபெர்மி (அணுக்கருவை அளக்கும் நீள அலகு). தடை 15 எம்இவி. நம்மிடம் இருப்பது 41.5, தாராளம்.

படி மூன்று: வெளியே போக என்ன விலை?

எனக்குப் பிடித்த படி இது. பெரும்பாலும் இதைத்தான் தாண்டிக் குதிப்பார்கள்.

பொட்டாசியம்-39-இலிருந்து ஒரு துகளைப் பிய்க்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அதே நிறை அட்டவணையை வைத்துப் போடுங்கள். புரோட்டானுக்கு 6.4 எம்இவி. ஆல்ஃபாவுக்கு 7.2. நியூட்ரானுக்கு 13.1. டியூட்ரானுக்கு 16.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, வாசலில் கூலும் தடை இல்லை, அதனால் அதுதான் முதலில் ஓடும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஈயம், தங்கம் பக்கத்தில் அது சரி. இங்கே நியூட்ரானுக்கு டிக்கெட் விலை புரோட்டானைவிட இரண்டு மடங்கு. புரோட்டான் தடையையும் சேர்த்துக் கொடுத்தாலும் (ஏறக்குறைய 4 எம்இவி) மொத்தம் 10 சொச்சம்தான் ஆகிறது. ஆகவே இந்த மோதலில் புரோட்டானும் ஆல்ஃபாவும் ஆட்சி செய்யும். நியூட்ரான் டிடெக்டர் தேடி அலையவேண்டாம். டெல்லியில் நூறு டிடெக்டர் கொண்ட நியூட்ரான் வரிசை இருக்கிறது. அது கனமான அணுக்கருக்கள் பிளவதைப் படிக்கும்போது பொன். பிளவுக்கு முன்னால் எத்தனை நியூட்ரான் போயிற்று என்பதை வைத்து, பிளவதற்கு எவ்வளவு தாமதம் ஆயிற்று என்று மதிப்பிடுவார்கள். நம் பொட்டாசியத்துக்கு அது வேண்டாம்.

ஆல்ஃபா வெளியே வரும்போது எதிர்கொள்ளும் தடையையும் போட்டு வையுங்கள்: 1.44 × 2 × 17 ÷ 6.8, ஏறக்குறைய 7.2 எம்இவி. பிரிப்பு ஆற்றலும் 7.2, தடையும் 7.2. தற்செயல்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரிப்பு ஆற்றல் திரும்பி வராது. தடையைத் தாண்டக் கொடுத்தது, தாண்டியபின் அந்த ஆல்ஃபாவின் இயக்க ஆற்றலாகவே திரும்பிவிடும்.

படி நான்கு: சுழற்சிக்கு ஒரு பங்கு

பானை உவமை இங்கேதான் காலை வாரும். அடுப்பில் இருக்கும் பானை சுற்றுவதில்லை. நம் அணுக்கரு கிறுகிறுவென்று சுற்றுகிறது. கார்பன் நேராக நெற்றியில் அடிப்பது அபூர்வம். விளிம்பில் உரசி இணைந்தால் மொத்தமும் பம்பரமாகிவிடும். மேலே போட்ட ஆரத்தையும் தடையையும் வைத்துக் கணக்கிட்டால் கோண உந்தம் அதிகபட்சம் 24 அலகு வருகிறது. சராசரி அதில் மூன்றில் இரண்டு பங்கு, 16.

உருண்டையாக, கெட்டியாக இருக்கும் பொட்டாசியம்-39-க்கு 16 அலகில் சுழல 22 எம்இவி தேவை. 58-இல் 22 சுழற்சியில் முடங்கிவிட்டது. சூடாக இருப்பது 36 மட்டுமே. 24 அலகு என்றால் 48 எம்இவி சுழற்சிக்கே போய்விடும்.

வெப்பநிலை எவ்வளவு? நிலை அடர்த்திக் கெழுவை (ஆற்றல் கூடும்போது அணுக்கருவின் நிலைகள் எவ்வளவு நெருக்கமாகும் என்பதைக் குறிக்கும் எண்) 39 ÷ 8 = 4.9 என்று எடுத்து, 36-ஐ அதனால் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள். 2.7 எம்இவி. கெல்வினில் 3 ஆயிரம் கோடிக்கு மேல். சூரியனின் மையம் ஒன்றரைக் கோடிதான். சுழற்சியைக் கழிக்க மறந்திருந்தால் 3.5 எம்இவி வந்திருக்கும், அதை வைத்து வரையும் நிறமாலையின் (எந்த ஆற்றலில் எத்தனை துகள் என்று காட்டும் வளைவு) வால் நிஜத்தைவிட நீளமாக இருக்கும்.

ஆல்ஃபா நிறமாலையின் உச்சி எங்கே விழும் என்பதை இப்போது கணினி இல்லாமலே சொல்லலாம். தடை 7.2, வெப்பநிலை 2.7, கூட்டினால் 10 எம்இவிக்குப் பக்கம். தோராயம்தான். இருந்தாலும் இந்தத் தோராயம் கையில் இல்லாமல் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள்.

படி ஐந்து: காம்பஸ்

சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியில், தோல்பைத் துருத்தியில் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டே ஓடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்பவர் முகத்தில் தண்ணீர் சுளீரென்று அடிக்கும். அவர் திரும்பிப் பின்னால் பீய்ச்சினால் அதே துருத்தி, அதே அழுத்தம், ஆனால் பொத்தென்று விழும். ஓடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நிற்கிறவருக்குத்தான் வித்தியாசம். நம் டிடெக்டர் நிற்கிறவர். பொட்டாசியம்-39 ஓடுகிறவர்.

எவ்வளவு வேகம்? 60 எம்இவி கார்பன் ஒளியின் வேகத்தில் 10.4 சதவீதம் போகிறது. அதில் 12 ÷ 39 பங்கு கூட்டு அணுக்கருவுக்கு: 3.2 சதவீதம். உச்சியில் இருக்கும் 10 எம்இவி ஆல்ஃபாவின் வேகம் 7.3 சதவீதம்.

இப்போது தாளை நீளவாட்டில் வையுங்கள். குறுக்கே ஒரு கோடு. அதுதான் கற்றையின் திசை, இடமிருந்து வலம். கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து 'ஆய்வகம்' என்று எழுதுங்கள். ஒரு சதவீதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். புள்ளியிலிருந்து வலப்பக்கம் 3.2 செ.மீ.யில் இன்னொரு புள்ளி: 'பொட்டாசியம்'. காம்பஸை 7.3 செ.மீ. விரித்து, பொட்டாசியப் புள்ளியில் ஊசியை ஊன்றி ஒரு வட்டம் போடுங்கள். பானையிலிருந்து கிளம்பிய 10 எம்இவி ஆல்ஃபாக்கள் எல்லாம் இந்த வட்டத்தின் மீதுதான் இருக்கும்.

ஸ்கேலை ஆய்வகப் புள்ளியிலிருந்து வட்டம் வரை வைத்து அளங்கள். நேர் முன்னால் 10.5 செ.மீ., அதாவது ஆய்வகத்தில் 20.6 எம்இவி. 90 டிகிரியில் 6.6 செ.மீ., 8 எம்இவி. நேர் பின்னால் 4.1 செ.மீ., வெறும் 3.2 எம்இவி. ஒரே ஆல்ஃபா. முன்னால் நிற்கும் டிடெக்டர் 20 என்று எழுதுகிறது, பின்னால் நிற்பது 3 என்று எழுதுகிறது.

இன்னும் முடியவில்லை. அதே கோட்டில் ஆய்வகப் புள்ளியிலிருந்து 10.4 செ.மீ.யில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அது கற்றையின் வேகம். கார்பன்-12 மூன்று ஆல்ஃபா சேர்ந்த மாதிரி நடந்துகொள்ளும் அணுக்கரு. 7.3 எம்இவி கொடுத்தால் மூன்றாகப் பிரிந்துவிடும். மோதலில் உடைந்தால் துண்டுகள் ஏறக்குறைய கற்றையின் வேகத்திலேயே முன்னால் போகும். சில நேரம் ஒரு துண்டு இலக்கோடு ஒட்டிக்கொள்ள, மிச்சம் போய்விடும். இந்த அரைகுறை இணைவின் முன்னோடிச் சான்றை 1961-இல் பிரிட், குயின்டன் இருவரும் தங்கம், பிஸ்மத் இலக்குகளில் கண்டார்கள். அப்படி வரும் ஆல்ஃபாவுக்கு 60-இல் மூன்றில் ஒரு பங்கு, 20 எம்இவி.

சிவப்புப் புள்ளியையும் வட்டத்தின் முனையையும் பாருங்கள். 10.4, 10.5. நடுவில் ஒரு மில்லிமீட்டர்.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு நொடி பேசாமல் இருப்பார்கள். பானையிலிருந்து ஆவியாகி வந்த ஆல்ஃபாவும், பானையே ஆகாமல் உடைந்து வந்த ஆல்ஃபாவும் முன்கோணத்தில் ஒரே ஆற்றலில் வந்து நிற்கின்றன. புரோகிராம் அவுட்புட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. புரோகிராமுக்கு உடைவது பற்றி எதுவும் சொல்லித்தரவில்லை. அது பானையை மட்டுமே அறியும்.

பிரிப்பதற்கு வழி இருக்கிறது. பல கோணங்களில் அளந்து, ஒவ்வொன்றையும் பொட்டாசியத்தோடு ஓடுகிறவரின் கணக்குக்கு மாற்றுங்கள். நிஜமாகவே பானையிலிருந்து வந்தவை என்றால் எல்லாக் கோணத்து நிறமாலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். முன்கோணத்தில் மட்டும் கூடுதலாக ஒரு மேடு தெரிந்தால் அது சிவப்புப் புள்ளியின் வேலை. வடிவத்தைத்தான் ஒப்பிட வேண்டும். உயரம் கோணத்துக்குக் கோணம் மாறலாம், சுழலும் அணுக்கரு எல்லாத் திசையிலும் சமமாக வீசாது.

படி ஆறு: டிடெக்டர், அதோடு என் அசட்டுத்தனம்

மின்னூட்டமுள்ள துகளை அடையாளம் காண டெல்டா-ஈ டெலஸ்கோப் என்று ஓர் ஏற்பாடு. பெயரைக் கேட்டு வானத்தைப் பார்க்காதீர்கள். மெல்லிய ஒரு சிலிக்கன் டிடெக்டர் (இதுதான் டெல்டா-ஈ), அதற்குப் பின்னால் தடித்த ஒன்று. துகள் மெல்லியதைத் துளைத்துக் கொஞ்சம் ஆற்றலை அங்கே விட்டு, மீதியைத் தடித்ததில் விட்டு நிற்கும். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட நிறை × மின்னூட்டத்தின் வர்க்கம். புரோட்டானுக்கு 1, டியூட்ரானுக்கு 2, டிரைட்டானுக்கு 3, ஹீலியம்-3-க்கு 12, ஆல்ஃபாவுக்கு 16. திரையில் வரைந்தால் தனித்தனியாக வளைந்த பட்டைகள் வரும். ஆய்வகத்தில் வாழைப்பழம் என்பார்கள், ஒரு சீப்பை விரித்து வைத்த மாதிரியே இருக்கும். பின்னால் வைப்பதற்கு சீசியம் அயோடைடு படிகம் நல்லது. 10 எம்இவி புரோட்டானே சிலிக்கனில் 0.7 மி.மீ. ஓடும். முன்கோணத்தில் இன்னும் வேகமாக வருபவற்றை நிறுத்த 1 செ.மீ. படிகம் தாராளம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மாணவனாக இருந்தபோது இதே மாதிரி ஒரு சோதனையில் 120 டிகிரியில் ஒரு டெலஸ்கோப் வைத்திருந்தோம். ஆல்ஃபா நிறமாலையில் குறைந்த ஆற்றல் பக்கம் வெட்டினாற்போல் காணாமல் போயிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சுழற்சியால் அணுக்கரு நீண்டுவிட்டது, தடை மாறிவிட்டது என்று ஆறு பக்கம் எழுதினேன். வெற்றிட அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, முன்னாடி இருக்கிற டிடெக்டர் எத்தனை மைக்ரான்?"

40 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி. அதைத் துளைக்க ஆல்ஃபாவுக்கு ஏறக்குறைய 7 எம்இவி வேண்டும். அதற்குக் கீழே எல்லாம் முதல் டிடெக்டரிலேயே நின்றுபோய்விடும். பின்னால் எதுவும் பதிவாகாது, பட்டையில் இடம் கிடைக்காது, கணக்கிலிருந்தே விழுந்துவிடும். ஆறு பக்கமும் குப்பைக்குப் போனது.

காம்பஸை மறுபடி எடுங்கள். 7 எம்இவி ஆல்ஃபாவின் வேகம் 6.1 சதவீதம். ஆய்வகப் புள்ளியில் ஊசியை ஊன்றி 6.1 செ.மீ. வட்டம் போட்டுப் பென்சிலால் உள்ளே நிழலிடுங்கள். அது குருட்டு வட்டம். 10 எம்இவி வட்டம் எந்த இடத்தில் நிழலுக்குள் நுழைகிறது என்று புரொட்ராக்டரில் பாருங்கள்: 99 டிகிரி. அதற்குப் பின்னால் எங்கே டெலஸ்கோப் வைத்தாலும் நிறமாலையின் உச்சியே தெரியாது. 120 டிகிரியில் நான் பார்த்தது வெறும் வால்.

உடைந்த ஆல்ஃபா தொந்தரவு செய்யாத இடம் பின்கோணம்தான் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். உண்மைதான். ஆனால் பின்கோணம்தான் தடித்த டெல்டா-ஈயின் குருட்டு இடமும். இந்த இழுபறியை இரண்டு விதமாகச் சமாளிக்கலாம். 40 முதல் 90 டிகிரி வரை நிறையக் கோணங்களில் அளப்பது ஒரு வழி. பின்கோணத்தில் 10 மைக்ரான் சிலிக்கனோ, வாயு நிரப்பிய டெல்டா-ஈயோ வைப்பது இன்னொன்று. 10 மைக்ரான் சிலிக்கன் விலை அதிகம், சுலபத்தில் உடையும். தும்மக்கூடாது என்று பாதி விளையாட்டாகச் சொல்வோம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வழியே போதும் என்பது என் கருத்து.

அளவுத்திருத்தம் செய்யும்போதும் இதே பள்ளம்தான். அமெரிசியம்-241 மூலத்திலிருந்து 5.486 எம்இவி ஆல்ஃபா வரும், அதை வைத்து ஆற்றல் அளவைச் சரிபார்ப்பார்கள். சிலிக்கனில் அது 28 மைக்ரான்தான் ஓடும். முன்னால் 40 மைக்ரான் மாட்டிவிட்டால் பின்னால் இருப்பதை எட்டவே எட்டாது. ஆகவே பின் டிடெக்டரை முதலில் தனியாகத் திருத்திவிட்டு, அப்புறம் டெல்டா-ஈயை மாட்டுங்கள். வெற்றிடத்தை மூடியபின் ஞாபகம் வந்தால் ஒரு பொழுது போச்சு.

படி ஏழு: இப்போது லேப்டாப்பைத் திறக்கலாம்

பேஸ் புரோகிராமின் புதிய வடிவம் லைஸ் என்ற இலவசத் தொகுப்போடு சேர்ந்தே வருகிறது, சாதாரண லேப்டாப்பில் ஓடும். தடிமன் கணக்குக்கு ஸ்ரிம். கேஸ்கேட், ஜெமினி என்று வேறு புரோகிராம்களும் உண்டு. எதில் தொடங்கினாலும் முதலில் அவுட்புட்டின் மேல்பகுதியில் கிளர்வு ஆற்றல் 58-க்குப் பக்கம் வருகிறதா, கோண உந்தம் 24-க்குப் பக்கம் வருகிறதா என்று உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். வரவில்லையென்றால் எங்கோ இலக்கையும் கற்றையையும் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். பத்தில் மூன்று பேர் இதைச் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன்.

முடுக்கி இல்லாமலும் வேலை செய்யலாம். சர்வதேச அணுசக்தி முகமையின் எக்ஸ்ஃபார் தரவுத்தளத்தில் உலகம் முழுக்க அளந்த எண்கள் இலவசமாகக் கிடைக்கும். நம் ஊர்க் கல்லூரியில் உட்கார்ந்தபடியே ஒரு நல்ல புராஜெக்ட்டை முடிக்கலாம்.

ஒப்பிடும்போது ஒரு விஷயம் எதிர்பார்த்திருங்கள். இப்படிப்பட்ட சின்ன அணுக்கருக்களில் அளந்த ஆல்ஃபா நிறமாலையின் வால், புரோகிராம் சொல்வதைவிடச் சீக்கிரம் விழும். காரணம் நான்காம் படியில் 'உருண்டையாக, கெட்டியாக' என்று நாம் போட்ட அனுமானம். வேகமாகச் சுழலும்போது அணுக்கரு நீள்கிறது, சுழற்சிக்கான ஆற்றல் குறைகிறது. கேஸ்கேட்டில் இதற்காகவே இரண்டு உருமாற்ற அளவுகள் இருக்கின்றன. கோண உந்தம் கூடக்கூட நிலைமத் திருப்புத்திறனை அவை கூட்டும். அவற்றைத் திருகிப் பொருத்துவதுதான் பலருடைய ஆய்வேடு. திருகும் முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: டெல்டா-ஈ எத்தனை மைக்ரான்?

படி எட்டு: கற்றை நேரம் கேட்பது

பெலட்ரானில் வேலை செய்ய முன்மொழிவு எழுதிக் குழு முன்னால் விளக்க வேண்டும். மதுரையிலிருந்து நிஜாமுதீன் போகும் சம்பர்க் கிராந்தியில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். விளக்கப் படங்களைத் திருத்த நேரம் தாராளம். சோதனை என்று வந்துவிட்டால் கற்றை இரவு பகல் பார்க்காது, ஷிப்ட் போட்டு உட்கார வேண்டும். குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர். மதுரைக்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

குழு கட்டாயம் கேட்பது எண்ணிக்கை வீதம். அதையும் தாளிலேயே போடலாம். சதுர சென்டிமீட்டருக்கு 500 மைக்ரோகிராம் அலுமினியத் தாள் என்றால் அதில் 1.1 × 10¹⁹ அணுக்கள். ஒரு துகள் நானோ ஆம்பியர் கற்றை என்றால் நொடிக்கு 6.2 × 10⁹ கார்பன். இணைவுக் குறுக்குவெட்டை (இணைவு நடக்கும் வாய்ப்பை ஒரு பரப்பாகச் சொல்லும் அளவு), மேலே போட்ட ஆரத்தையும் தடையையும் வைத்துப் பார்த்தால், ஒரு பார்ன் என்று எடுக்கலாம், அதாவது 10⁻²⁴ சதுர செ.மீ. மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 70 ஆயிரம் இணைவு. டெலஸ்கோப் 5 மில்லி ஸ்டெரேடியன் திண்மக் கோணத்தைப் பார்க்கிறது என்றால், முழுக்கோளத்தில் அது பத்தாயிரத்தில் நான்கு பங்கு. ஒவ்வோர் இணைவிலும் ஓர் ஆல்ஃபா என்று வைத்தால் நொடிக்கு 28. எட்டு மணிநேர ஷிப்ட் ஒன்றுக்கு 8 லட்சம்.

ஆறு கோணங்கள், அளவுத்திருத்தத்துக்கு ஒரு ஷிப்ட், இலக்கில் படிந்திருக்கும் ஆக்சிஜனின் பங்கைத் தெரிந்துகொள்ள வேறொரு இலக்கில் ஒரு ஷிப்ட். பல டெலஸ்கோப் ஒரே நேரத்தில் மாட்டினால் மூன்று நாளில் முடியும். போன வருடம் வந்த பொண்ணு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "அப்ப அஞ்சு நாள்னு கேட்கலாமா சார்?" என்றாள். மூன்றரை கேள் என்றேன். கற்றை நின்றுபோகும் நேரத்துக்கு அரை நாள்.